ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘திருப்திகரம்’: ஆய்வேடு மட்டும் ஏன் நகர்வதில்லை?

கேள்வி: கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராக அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். டி.சி. எனப்படும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் கூட்டங்கள் எல்லாம் முறையாக நடந்திருக்கின்றன. எல்லா அறிக்கைகளிலும் ‘முன்னேற்றம் திருப்திகரம்’ என்று கையெழுத்து இருக்கிறது. ஆனால் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் இருக்கும் சிலர் ஓர் இயல்கூட எழுதவில்லை. முன்னேற்றத்தை உண்மையாகவே கண்காணிப்பது எப்படி?

பதில்:

அந்தக் கோப்புகளிலிருந்து நான்கைந்து அறிக்கைகளை எடுத்து, படிவம் என்ன கேட்கிறது என்று முதலில் பாருங்கள். கருத்தரங்கில் கலந்துகொண்டாரா, கட்டுரை வெளியிட்டாரா, எத்தனை நூலகங்களுக்குப் போனார், எத்தனை மாதிரிகள் சேகரித்தார், வருகைப் பதிவு எவ்வளவு. இவையெல்லாம் மாணவர் செய்த வேலைகள். ஆய்வேடு முடிய இன்னும் என்ன பாக்கி என்ற கேள்வி பெரும்பாலும் எந்தப் படிவத்திலும் இருக்காது. ஒருவர் ஆறு மாதம் ஓயாமல் உழைத்திருக்கலாம். அந்த உழைப்பில் ஒரு பக்கம்கூட ஆய்வேட்டுக்குள் வந்து சேராமல் இருக்கலாம். இன்னொருவர் கருத்தரங்குப் பக்கமே போகாமல் இரண்டு இயல்களை முடித்திருக்கலாம். நம் படிவத்தில் முதலாமவர்தான் முன்னேறியவராகத் தெரிவார்.

டி.சி.களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் நான் உறுதியாக நம்புவது இதுதான்: எழுதியதைப் படிக்காமல் முன்னேற்றத்தை அளக்க முடியாது. பிபிடி காட்டி இருபது நிமிடம் பேசுவதைக் கேட்டுவிட்டு நாம் தருவது மதிப்பீடே ஆகாது. பேச்சில் எல்லா ஆய்வும் நன்றாகத்தான் இருக்கும். ‘தரவு சேகரிப்பு நிறைவடையும் நிலையில் உள்ளது’ என்ற ஒரு வரி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஸ்லைடில் வந்தாலும், குழுவில் யாருக்கும் போன முறை பார்த்தது நினைவிருக்காது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் மாற்றம் ஒன்றே. டி.சி. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, ஆய்வேட்டுக்குள் போகக்கூடிய பத்துப் பக்கங்களை மாணவர் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும். வெளியான கட்டுரையின் நகலோ நூல் பட்டியலோ அந்தக் கணக்கில் சேராது. முதல் ஆண்டில் அது ஆய்வுச் சிக்கலை விளக்கும் பகுதியாக இருக்கலாம். பின்னர் ஆய்வு முறை, ஒரு சோதனையின் முடிவு, ஓர் இயலின் நடுப்பகுதி, எதுவாகவும் இருக்கலாம். பக்கங்கள் வரவில்லையென்றால் கூட்டத்தை மூன்று வாரம் தள்ளிவையுங்கள், ரத்து செய்யாதீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த இடத்தில் முழுக்கப் பொருந்தும். அந்தப் பத்துப் பக்கங்களிலேயே மாணவருக்குத் தன் கேள்வி தெளிவாக இருக்கிறதா, முன்னவர்கள் சொன்னதையும் தான் சொல்வதையும் பிரித்துக் காட்டத் தெரிகிறதா, நெறியாளர் கடைசியாக எப்போது திருத்திக் கொடுத்தார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தரும் இடங்கள் பல்கலைக்கழக வட்டாரங்களில் இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதல் ஆண்டிலிருந்தே ஒருவரின் நடையைப் படித்துவரும் குழுவுக்கு, ஐந்தாம் ஆண்டில் திடீரென்று வேறொரு கை எழுதிய இருநூறு பக்கங்கள் வந்தால் உடனே தெரியும். திருட்டைக் கண்டறியும் மென்பொருள் அதைச் சொல்லாது. 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆனால் புதிதாகக் கூலிக்கு எழுதப்பட்ட பக்கங்களில் ஒப்புமை குறைவாகத்தான் காட்டும்.

இனி விதிக்கு வருகிறேன். கண்காணிக்க அதிகாரம் இல்லையே என்று பலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. 2022 நவம்பரில் யு.ஜி.சி. அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். நம் பக்கம் டி.சி. என்று சொல்லிப் பழகியது இதைத்தான். ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் அந்தக் குழுவின் முன் வந்து தன் பணியை விளக்கி, சுருக்கமான அறிக்கையும் தர வேண்டும். குழு தன் பரிந்துரையை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் நகல் மாணவருக்கும் போக வேண்டும். முன்னேற்றம் போதாது என்றால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து, சரிசெய்யும் வழிகளையும் சொல்ல வேண்டும். அவற்றையும் மாணவர் செய்யத் தவறினால்தான் பதிவு ரத்துக்குப் பரிந்துரை.

இந்த ஏணியின் நடுப்படியை நாம் பயன்படுத்துவதே இல்லை. ‘திருப்தி இல்லை’ என்று எழுதினால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டுவிடும் என்று பயந்து, எல்லோருக்கும் ‘திருப்திகரம்’ போடுகிறோம். ஆறாம் ஆண்டின் முடிவில் அந்த இரக்கம்தான் அவர்களுக்குப் பெரிய கெடுதலாக வந்து நிற்கிறது. அப்போது ஏதாவது சிக்கல் என்றால், பத்துப் பன்னிரண்டு ‘திருப்திகரம்’ அறிக்கைகளோடு நிறுவனமும் மாட்டிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டிலேயே ‘போதவில்லை’ என்று எழுதி, கூடவே என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுவதுதான் மாணவருக்குச் செய்யும் உதவி.

அந்தப் பரிந்துரையை எழுதும் விதம் முக்கியம். ‘பணியை விரைவுபடுத்த அறிவுறுத்தப்பட்டது’ என்பதில் யாருக்கும் பயனில்லை. ‘நாட்டார் பாடல் தொகுப்பில் ஏற்கெனவே சேகரித்த ஒலிப்பதிவுகளோடு களப்பணியை நிறுத்திக்கொள்ள வேண்டும்; அவற்றைப் படியெடுத்து, வகைப்பாடு பற்றிய இயலின் வரைவை மார்ச் 31க்குள் நெறியாளரிடம் தர வேண்டும்; நெறியாளர் ஏப்ரல் 20க்குள் எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும்’ என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் எதைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் நெறியாளருக்கும் ஒரு தேதி இருப்பதைக் கவனியுங்கள்.

ஏனென்றால் தாமதத்தில் கணிசமான பங்கு நெறியாளரின் மேசையில் நடக்கிறது. இதை வெளிப்படையாகப் பேசுவதற்கு நமக்குக் கூச்சம். மாணவர் ஓர் இயலைக் கொடுத்துவிட்டு, ‘சார், பார்த்தீங்களா?’ என்று கேட்கவும் தயங்கி, நான்கு மாதம் நூலகத்துக்கும் விடுதிக்கும் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நான்கு மாதமும் அவர் பெயரில்தான் தாமதமாக எழுதப்படும். 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை நெறிப்படுத்தலாம். எட்டுப் பேரும் எழுதும் கட்டத்துக்கு வந்துவிட்டால், வகுப்பும் நிர்வாகமும் பார்த்துக்கொண்டு எட்டு வரைவுகளையும் வரிவரியாகப் படிப்பது எளிதல்ல. எனவே உங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பத்திகளைக் கட்டாயம் சேருங்கள்: கடைசி வரைவை எப்போது கொடுத்தார், எழுத்துவடிவக் கருத்து எப்போது வந்தது. ஓராண்டு இதை மட்டும் பதிந்து பார்த்தாலே, தேக்கம் மாணவரிடமா நெறியாளரிடமா என்று பெரும்பாலும் புலப்பட்டுவிடும். மூன்று வாரம் என்பது நியாயமான வரம்பு என்பது என் கருத்து. வரம்பு எதுவானாலும் துறை கூடி முடிவெடுத்து, எழுதி ஒட்டிவிட வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் அமைப்பிலேயே இருக்கிறது. ஆலோசனைக் குழுவின் கூட்டுநர் நெறியாளரேதான். அவர் அருகில் உட்கார்ந்திருக்கும்போது ‘எனக்கு வழிகாட்டல் கிடைக்கவில்லை’ என்று எந்த மாணவர் வாய்திறப்பார்? பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் ஆண்டு மதிப்பாய்வின்போது மேற்பார்வையாளர் இல்லாமல் மாணவர் தனியே பேச வாய்ப்புத் தருகிறார்கள். நாமும் இதைச் செய்ய விதியில் தடை ஏதும் இல்லை. கூட்டம் முடிந்ததும் நெறியாளர் எழுந்து போக, மற்ற உறுப்பினர்களோடு மாணவர் பதினைந்து நிமிடம் பேசட்டும். முடிந்தால் அடுத்த ஐந்து நிமிடம் மாணவர் வெளியே போக, நெறியாளர் பேசட்டும். யாருக்காவது பிரச்சினை இருந்தால் மட்டும் என்று வைத்தால், எழுந்து பேசுகிறவர் குறி வைக்கப்படுவார். எல்லா மாணவருக்கும், எல்லாக் கூட்டத்திலும் என்று வையுங்கள். குறிப்பாகப் பெண் ஆய்வாளர்களுக்கும், வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் இந்தப் பதினைந்து நிமிடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நடைமுறைப்படுத்திய பிறகு பார்ப்பீர்கள்.

தேக்கம் எங்கே வரும் என்பது துறைக்குத் துறை வேறுபடும். எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தால் தப்பான ஆளைக் குறை சொல்வோம். தமிழ், வரலாறு போன்ற துறைகளில் சிக்கல் ‘முன்னாய்வுகள்’ இயலில் தொடங்கும். இன்னும் ஒரு நூல், இன்னும் ஒரு ஆய்வேடு என்று இரண்டு ஆண்டு ஓடிவிடும். அடுத்த தேக்கம் களப்பணியில்: சேகரிப்பதில் இருக்கும் மகிழ்ச்சி படியெடுப்பதில் இருக்காது. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். ஐம்பது மணி நேரம் பதிவு செய்து வைத்தவர் தனக்கு எத்தனை மாத வேலை காத்திருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கவே மாட்டார். டி.சி. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும்.

வேதியியல், இயற்பியல் போன்ற துறைகளில் கருவிக்காகக் காத்திருப்பதே பெரிய தேக்கம். கல்லூரியில் கருவி இல்லாமல், என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பை அறியும் சோதனை) போன்றவற்றுக்கு மாதிரியைச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் போன்ற பொதுக் கருவி மையங்களுக்கு அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எழுதுவதற்கான காலம் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சோதனை முறைகளைப் பற்றிய இயலுக்கு முடிவு வரத் தேவையில்லை. மருத்துவம், உளவியல் ஆய்வுகளில் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குக் கோர்ஸ்வொர்க் (தொடக்கக்காலப் பாடப் பயிற்சி) நடக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். வணிகவியல், சமூகவியல், கல்வியியல் ஆய்வுகளில் வினாநிரலை முன்னோட்டம் பார்க்காமல் ஐந்நூறு பேரிடம் கொடுத்துவிட்டு, பிறகு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் ஒன்றும் நிற்கவில்லை என்று வந்து நிற்பார்கள். அங்கே கண்காணிப்பு மும்முரமாக இருக்க வேண்டிய இடம் இரண்டாம் ஆண்டின் தொடக்கம். ஐந்தாம் ஆண்டில் விசாரித்துப் பயனில்லை.

கட்டுரை வெளியீடு பற்றியும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு விதியில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியிடுவதும் இரண்டு கருத்தரங்குகளில் படிப்பதும் கட்டாயமாக இருந்தன. 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. இருந்தாலும் தத்தம் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள இதழா என்று பார்க்கும் வழியும் போய்விட்டது. ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய ‘கேர்’ பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டது. நல்ல இதழில் வரும் கட்டுரை ஆய்வுக்கு உரம். ஆனால் பணம் கட்டினால் பத்து நாளில் போடும் இதழ்களில் வந்த ஐந்து கட்டுரைகளை முன்னேற்றமாக எண்ணாதீர்கள். வெளியான ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘இது ஆய்வேட்டின் எந்த இயலில், எந்தப் பகுதியாக வருகிறது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லாத கட்டுரையை வாழ்த்திவிட்டுத் தள்ளி வையுங்கள்.

காலக்கணக்கை உங்கள் கையில் வைத்திருங்கள். மாணவரின் நினைவை நம்ப வேண்டாம். 2022 விதியில் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். மொத்தம் சேர்க்கை நாளிலிருந்து 8 ஆண்டுக்கு மிகக்கூடாது. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் 2 ஆண்டு தளர்வு உண்டு. அவர்களுக்கு உச்சவரம்பு 10 ஆண்டு. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்த ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை எடுக்கலாம். இந்த உரிமை இருப்பதே தெரியாமல், கைக்குழந்தையோடு டி.சி.க்கு வந்து தலைகுனிந்து நிற்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைச் சொல்வது ஒருங்கிணைப்பாளரின் கடமை. பழைய விதியின்கீழ் பதிவு செய்தவர்களுக்கு அந்தந்தக் காலத்து விதி பொருந்தும் என்பதால், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எந்த ஆண்டு விதி என்பதையும் எழுதிவிடுங்கள்.

பணமும் காலத்தோடு பின்னியது. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆகி 42,000. ஆனால் உதவித்தொகை மொத்தம் ஐந்தாண்டு, ஆய்வுக்காலம் ஆறாண்டு. அந்த ஆறாம் ஆண்டில் பணம் நிற்கும். சுயநிதிக் கல்லூரி வேலையைத் தேடி ஓட வேண்டியிருக்கும். ஆய்வேடு அப்படியே கிடந்துவிடும். ஆகவே உதவித்தொகை உள்ளவருக்கு உங்கள் அட்டவணையில் முடிவு நாள் ஐந்தாம் ஆண்டு என்றே இருக்கட்டும். உதவித்தொகை வர நிறுவனம் மாதாமாதம் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும் அல்லவா? அந்த உறுதியைத் தண்டனைக் கருவியாக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் உடனே நிறுத்துங்கள். வாடகைக்குக் காசில்லாதவர் எழுத மாட்டார்.

பகுதிநேர ஆய்வாளர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், அரசு அலுவலர் என்று வருகிறவர்களுக்கு ஆறு மாதம் என்பது மிக நீண்ட இடைவெளி. தேர்வுப் பணியும் தேர்தல் பணியும் அதை விழுங்கிவிடும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, நெறியாளரோடு முக்கால் மணி நேரம், கையில் இரண்டு பக்கம் என்று சிறியதாக வைத்தால் தாக்குப்பிடிப்பார்கள்.

முடிக்க முடியாதவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அது சேர்ந்தே வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் பட்டமேற்படிப்பு மன்றம் (Council of Graduate Schools) நடத்திய ஆய்வில், பத்தாண்டு கழித்தும் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ 57 விழுக்காடுதான். இலக்கியம், வரலாறு போன்ற கலைப்புலத் துறைகளில் பாதிக்கும் சற்றுக் குறைவு. வசதி மிகுந்த இடங்களிலேயே இந்த நிலை என்றால், நடுவில் நிற்பவர்களைச் சோம்பேறிகள் என்று முத்திரை குத்துவது அநியாயம். நெதர்லாந்தில் முதல் ஆண்டின் இறுதியிலேயே தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். நம்மிடம் எம்.ஃபில். இருந்த காலத்தில் ஒரு சிறிய ஆய்வை எழுதிப் பார்த்து, ஒத்துவராது என்றால் ஒரு பட்டத்தோடு கௌரவமாக வெளியேற வழி இருந்தது. 2022 விதியோடு எம்.ஃபில். நின்றுவிட்டது. ஆகவே கோர்ஸ்வொர்க் முடிந்து தலைப்பை உறுதி செய்யும் கூட்டத்தைச் சடங்காக நடத்தாதீர்கள். இந்தத் தலைப்பு, இந்த நெறியாளர், இந்த வசதிகளோடு நான்கு ஆண்டில் முடியுமா என்று அங்கே மனம்விட்டுப் பேசுங்கள். தலைப்பைச் சுருக்க வேண்டுமென்றால் அங்கேயே சுருக்குங்கள். பல ஆய்வேடுகள் முடியாமல் போவது தலைப்பு அகலமாக இருப்பதால்தான்.

சமர்ப்பித்த பிறகும் கண்காணிப்பு தேவை. குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களின் மதிப்பீடு, வைவா (வாய்மொழித் தேர்வு) எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. ஒரு தேர்வாளர் பதில் போடாமல் இருந்தால் அந்த ஆறு மாதம் எளிதில் ஓராண்டாகும். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) தரும் கட்டத்திலேயே தேர்வாளர் பட்டியல் தயாராக இருக்கிறதா, முகவரிகள் சரியா, யாரெல்லாம் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்று பார்த்துவிடுங்கள். நெறியாளரின் ஓய்வு நாளையும் இதே பதிவேட்டில் எழுதுங்கள்; நடுவில் நெறியாளர் மாறினால் மாணவருக்கு ஓராண்டு போகும்.

இப்போது உங்கள் ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்காரர்களுக்கு வருவோம். அவர்களைக் கூட்டமாக அழைத்துக் கண்டிக்க வேண்டாம். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழையுங்கள். கையில் என்ன இருக்கிறதோ, குறிப்பேடு, அட்டைகள், தரவுக் கோப்பு, கருத்தரங்கக் கட்டுரைகள், எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசையில் பரப்பி, எது எந்த இயலுக்குப் போகும் என்று அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். ஒன்றுமே எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம் இரண்டு இயலுக்கான சரக்கு இருப்பதும் உண்டு. முன்னுரையை விட்டுவிட்டு, அதிகச் சரக்கு உள்ள இயலிலிருந்து எழுதத் தொடங்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பத்துப் பக்கம் என்று நெறியாளரோடு சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு தாளை அவரிடமும் உங்களிடமும் வையுங்கள். ஆறாண்டு முடியும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே மறுபதிவு விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அந்த நாள் கடந்தபின் போகும் விண்ணப்பத்துக்கு விளக்கம் எழுதியே அடுத்த பருவம் போய்விடும்.